மட்டமாக நிற்கும் வண்டியும் முன் அச்சின் எடையும்

பயண டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை) வண்டியின் பின்னால் மாட்டியதும், சற்றுத் தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்து, "மட்டமாகத்தான் நிற்கிறது, கிளம்பலாம்" என்று தீர்ப்புச் சொல்பவர்களே அதிகம். வண்டியையும் டிரெய்லரையும் இணைத்து எடையை அச்சுகளுக்கிடையே பகிர்ந்தளிக்கும் எடைப் பகிர்வு ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியை வாங்கியவர்களும் பெரும்பாலும் அந்தக் கண்பார்வையை வைத்துத்தான் அதன் செயின்களை இறுக்குகிறார்கள். ஆனால் அந்த ஹிட்ச் செய்ய வேண்டிய வேலை வண்டியை மட்டமாக நிறுத்துவது அல்ல. டிரெய்லரை மாட்டியதால் முன் சக்கரங்கள் இழந்த எடையில் ஒரு பகுதியை அவற்றுக்குத் திருப்பித் தருவதே அதன் வேலை. வண்டியின் உயரம் நமக்குக் கிடைக்கும் ஒரு தடயம் மட்டுமே. அந்தத் தடயம் உண்மையைச் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு, முழுவதுமாக ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு.

முதலில், முன் சக்கரங்கள் ஏன் எடை இழக்கின்றன என்பதைப் பார்ப்போம். டிரெய்லர் தன் முன்முனையால் ஹிட்ச் உருண்டையின் மேல் ஒரு சுமையை வைக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் டங் வெயிட் என்று வழங்கும் இதை நான் முனைச்சுமை என்றே குறிப்பிடுகிறேன். அந்த உருண்டை இருப்பது பின் அச்சுக்கு மேலே அல்ல, அதற்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு அதிகமான தூரத்தில். ஆகவே பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு மொத்த வண்டியும் ஏற்ற இறக்கப் பலகை (சீசா) போல நடந்துகொள்கிறது: பின்முனை தாழ, முன்முனை எழுகிறது. கணக்குக்காக ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர், பின் அச்சிலிருந்து உருண்டைக்கு 1.5 மீட்டர். டிரெய்லரின் மொத்த எடை 3000 கிலோ, அதில் 12 விழுக்காடான 360 கிலோ முனைச்சுமை. இப்போது முன் அச்சு இழப்பது 360 × 1.5 ÷ 3.6, அதாவது 150 கிலோ. பின் அச்சு வாங்கிக்கொள்வது 360 கிலோ அல்ல, 510 கிலோ. முன்னால் இழந்த 150 கிலோவும் பின் அச்சின் கணக்கிலேயே வந்து சேர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின் டயர்களின் சுமைத் திறனையும் பின் அச்சின் உச்ச வரம்பையும் சோதிக்கும்போது முனைச்சுமையை மட்டும் கூட்டிப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இந்தக் கூடுதலை விட்டுவிடுகிறார்கள்.

முன் அச்சில் 150 கிலோ குறைந்தால் ஸ்டீயரிங் இலேசாகிறது. ஈரச் சாலையில் திருப்பும்போது முன் டயர்களின் பிடி குறைகிறது. பிரேக் போடும்போது வழக்கமாக முன் சக்கரங்களே பெரும்பங்கு வேலையைச் செய்வதால் அங்கும் இழப்பு நேர்கிறது. இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும். இந்த நான்கில் கடைசியானது ஒன்றைத்தான் பிறர் நமக்குச் சுட்டிக்காட்டுவார்கள், அதுவும் தம் விளக்கைச் சிமிட்டி. மற்றவற்றை நாமேதான் உணர வேண்டும், சமதளச் சாலையில் மெதுவாகப் போகும்போது அவை உணரவும் படாது.

இப்போது ஹிட்ச்சின் வேலைக்கு வருவோம். ரிசீவருக்குள் (வண்டியின் பின்புறச் சட்டத்தில் உள்ள சதுரக் குழாய்க்குள்) நுழையும் ஷாங்க் என்ற தண்டு, அதில் போல்ட் செய்யப்பட்ட தலைப்பகுதி, தலைப்பகுதியில் உருண்டை, அதன் இருபுறமும் பின்னோக்கி நீளும் இரண்டு ஸ்பிரிங் பார்கள், அந்தப் பார்களின் முனைகளை டிரெய்லரின் ஏ-ஃபிரேமோடு (முன்முனையில் உள்ள முக்கோணச் சட்டத்தோடு) பிணைக்கும் செயின்கள் அல்லது பிராக்கெட்டுகள் என்பதே இதன் அமைப்பு. பார்களின் முனையை மேலே இழுத்துக் கட்டும்போது அவை வளைந்து, தலைப்பகுதியை ஒரு நெம்புகோல் போலத் திருக முயல்கின்றன. அந்தத் திருகுவிசை வண்டியின் சட்டத்தின் வழியாக முன்னே சென்று முன் அச்சைக் கீழே அழுத்துகிறது. அதே விசை பின்னே சென்று டிரெய்லரின் அச்சுகளையும் அழுத்துகிறது. இரண்டுக்கும் கொடுக்கும் எடை பின் அச்சிலிருந்து எடுக்கப்படுகிறது. எடை எங்கும் மறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன வண்டிக்கே கணக்கைத் தொடர்வோம். உருண்டையிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுப்பகுதிவரை 6 மீட்டர் என்றும், இழந்த 150 கிலோவில் பாதியை, அதாவது 75 கிலோவை, முன் அச்சுக்குத் திருப்ப விரும்புகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கு ஹிட்ச்சில் ஏறக்குறைய 216 கிலோகிராம்-மீட்டர் திருகுவிசை வேண்டும். அப்போது டிரெய்லர் அச்சுகள் 36 கிலோ கூடுதலாகச் சுமக்கும், பின் அச்சு 111 கிலோ இலேசாகும். பார் முக்கால் மீட்டர் நீளம் என்றால், ஒவ்வொரு செயினிலும் சுமார் 144 கிலோ இழுவிசை இருக்கும். பின்னால் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த எண் மீண்டும் வரும். இந்தச் சரிசெய்தலுக்குப் பிறகும் பின் அச்சு தன் தனி எடைக்கு மேல் 399 கிலோ சுமக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டியின் பின்புறம் இன்னும் தாழ்ந்தே இருக்கும், முன்புறம் சற்று எழும்பியே இருக்கும். அதுதான் சரியான நிலை. அந்தத் தாழ்வைக் கண்டு மனம் பொறுக்காமல் செயினில் இன்னொரு கண்ணி இறுக்குபவர் சரியாக இருந்ததைக் கெடுக்கிறார்.

முழுவதையும் ஏன் திருப்பக் கூடாது என்ற கேள்வி இயல்பானது. ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். முன்னும் பின்னும் சம அளவு தாழ வேண்டும் என்பது பழைய கையேடுகளில் காணப்படும் விதி. அதன்படி முன் அச்சு இழந்ததைப் பெறுவது மட்டுமல்ல, அதற்கு மேலும் கொஞ்சம் பெற்றுவிடும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்ற தரவிதி, இழுவைத் திறனை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்று வகுத்தது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து அதைப் பின்பற்றத் தொடங்க, மற்றவர்கள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார்கள். முன் அச்சுக்கு எத்தனை விழுக்காடு எடை மீட்கப்படுகிறது என்ற அளவுகோல் அதன்பின் பொதுப்பேச்சுக்கு வந்தது. இன்று பல வண்டிகளின் கையேடுகள் பாதியளவு மீட்டாலே போதும் என்கின்றன.

காரணம் பின் டயர்களில் இருக்கிறது. வளைவில் டிரெய்லர் உருண்டையைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பவை பின் டயர்கள்தாம். அவற்றிலிருந்து அளவுக்கு மீறி எடையை எடுத்து முன்னே வைத்தால், முன் சக்கரங்கள் கூர்மையாகத் திரும்ப, பின் சக்கரங்கள் வழுக்கி வெளியே போகும் போக்கு உண்டாகும். திடீரென்று விலக நேரும்போதோ, வளைவிலேயே பிரேக் போடும்போதோ டிரெய்லர் வண்டியை மடித்துத் தள்ளிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. ஸ்டீயரிங் கொஞ்சம் இலேசாக இருப்பதும் பின்புறம் பிடிப்போடு இருப்பதும், இதற்கு நேர்மாறான நிலையைவிட எவ்வளவோ மேல். ஆகவே என் கருத்தில் ஐயம் வந்தால் குறைவான பக்கமே நிற்க வேண்டும். வண்டியின் கையேடு ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் அந்த எண்ணே முடிவு. ஹிட்ச் தயாரித்தவரின் கையேடு வேறு சொன்னாலும், வண்டி தயாரித்தவர் சொன்னதையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹிட்ச் தயாரித்தவருக்கு உங்கள் வண்டி எது என்று தெரியாது.

ஐரோப்பாவில் கேரவன் இழுப்பவர்களுக்கு இந்த ஹிட்ச் ஏறக்குறைய அறிமுகமே இல்லாதது. பிரிட்டனில் முனைச்சுமை டிரெய்லர் எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருந்தால் போதும் என்பது வழக்கு. வட அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு என்பது விதி போலவே ஆகிவிட்டது. பிரிட்டனில் கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் 60 மைல் வேக வரம்பு. ஜெர்மனியில் 80 கிலோமீட்டர், தனி அனுமதி பெற்ற இணைக்கு 100. குறைந்த வேகமும் இலேசான கேரவனும் குறைந்த முனைச்சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. அதிக வேகமும் கனத்த டிரெய்லரும் ஆட்டம் எடுக்காமல் போக முன்னால் அதிக எடை வேண்டியிருக்கிறது, அந்த எடையைச் சமாளிக்க இந்த இரும்பும் வேண்டியிருக்கிறது. இதில் எது சிறந்த வழி என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்த வாதத்துக்குள் போகப்போவதில்லை. ஆனால் சில ஐரோப்பிய வண்டிகளின் கையேடுகளில் எடைப் பகிர்வு ஹிட்ச் பயன்படுத்தவே கூடாது என்று எழுதியிருப்பதன் பின்னணி இதுதான். அந்த வரியைப் படிக்காமல் ஹிட்ச்சை வாங்கிவிடக் கூடாது.

கையேட்டுக்கு அடுத்தபடியாக ரிசீவரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: சாதாரணமாகச் சுமக்கும்போது இவ்வளவு, எடைப் பகிர்வு ஹிட்ச்சோடு இவ்வளவு. இரண்டாவது எண் பெரியது என்பதால் ஹிட்ச்சை மாட்டியதும் வண்டியின் திறனே கூடிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ரிசீவரின் திறன் அது. வண்டி சுமக்கக்கூடிய மொத்தச் சுமை, இழுக்கக்கூடிய எடை, அச்சு வரம்பு எதுவும் இந்த ஹிட்ச்சால் ஒரு கிலோகூட உயர்வதில்லை. போதாக்குறைக்கு ஹிட்ச்சின் எடையே 40 கிலோவைத் தொடக்கூடும். அதுவும் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும்.

ஸ்பிரிங் பார்களுக்கும் தரவரிசை உண்டு. 600, 800, 1000, 1200 பவுண்டு என்று முனைச்சுமையை வைத்து அவை விற்கப்படுகின்றன. தேர்ந்தெடுக்கும்போது முனைச்சுமையோடு, பின் அச்சுக்குப் பின்னால் வண்டிக்குள் ஏற்றப்போகும் பொருள்களின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதுவும் அதே திசையில் முன் அச்சைத் தூக்குகிறது. பலம் குறைந்த பார் எவ்வளவு இறுக்கினாலும் போதிய எடையை நகர்த்தாது. அளவுக்கு மீறிய பார் சாலையின் ஒவ்வொரு குழியையும் டிரெய்லரின் ஏ-ஃபிரேமுக்குள் கடத்தும். கனமானதே நல்லது என்று மிகப் பெரிய பார்களை வாங்குவது பலரிடம் காணும் பழக்கம். முறுக்கைத் தாங்குவது நம் டிரெய்லரின் சட்டம் என்பது அப்போது மறந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை முனைச்சுமை எவ்வளவு என்பதே. விற்பனைத் தாளில் அச்சிட்ட எண் காலி டிரெய்லருக்கானது. அதில் பேட்டரி இல்லாமல் இருக்கலாம், எரிவாயு சிலிண்டர்கள் இல்லாமல் இருக்கலாம். முன்முனையில் வைக்கப்படும் 30 பவுண்டு கொள்ளளவுச் சிலிண்டர் ஒன்று நிறைந்திருக்கும்போது சுமார் 25 கிலோ. இரண்டு வைத்தால் 50 கிலோ முனைச்சுமையில் ஏறக்குறைய அப்படியே சேர்கிறது. தண்ணீர்த் தொட்டி இன்னும் வேடிக்கையானது. 150 லிட்டர் தொட்டி டிரெய்லர் அச்சுக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால், அது நிறையும்போது மேலே சொன்ன டிரெய்லரில் முனைச்சுமை 50 கிலோ கூடும். அதே தொட்டி அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால் 37 கிலோவுக்குச் சற்று மேல் குறையும். ஆகவே பயணத்தின்போது எப்படி ஏற்றுவோமோ அப்படியே ஏற்றி, தண்ணீரையும் அந்த அளவே நிரப்பி, அதன் பிறகுதான் அளக்க வேண்டும். காலி டிரெய்லரை வைத்து ஹிட்ச்சைச் சரிசெய்து தருகிறவர்கள் செய்வது தோராயமான தொடக்க அமைப்பு மட்டுமே.

அளக்கத் தனிக் கருவிகள் கிடைக்கின்றன. குளியலறை எடை இயந்திரமும் ஒரு பலமான பலகையும் இருந்தால் அதுவே போதும். பலகையின் ஒரு முனையை எடை இயந்திரத்தின் மேலும், மறுமுனையை அதே உயரமுள்ள செங்கல்லின் மேலும், இரண்டிலும் ஒரு குழாய்த்துண்டை வைத்துத் தாங்க வேண்டும். தாங்குபுள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை நான்காகப் பிரித்து, செங்கல்லிலிருந்து முதல் கால்பங்கில் டிரெய்லரின் ஜாக்கை இறக்கினால், இயந்திரம் முனைச்சுமையில் நான்கில் ஒரு பங்கைக் காட்டும். 90 கிலோ காட்டினால் 360 கிலோ என்று பொருள். பலகையின் எடை இயந்திரத்தில் காட்டுவதை முன்னதாகவே கழித்துக்கொள்ள வேண்டும். ஜாக் உருண்டைக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் கிடைக்கும் எண் உண்மையான முனைச்சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். நம் தேவைக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. இந்த வேலை முழுவதும் டிரெய்லரின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து அசையாமல் நிறுத்திய பிறகே நடக்க வேண்டும்.

இனி சரிசெய்யும் வேலை. இடம் சமதளமாக இருக்க வேண்டும். இதில் சமரசம் செய்தால் பிறகு அளக்கும் ஒவ்வொரு எண்ணும் பொய்யாகும். டயர்களில் உரிய காற்று, வண்டியில் உரிய எரிபொருள், பயணத்தில் ஏற்றப்போகும் சாமான்கள் எல்லாம் இருக்கட்டும். டிரெய்லரைத் தனியே மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் (உருண்டையின் மேல் உட்காரும் டிரெய்லர் முனைப் பூட்டின்) உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். மாட்டியதும் வண்டி தாழும் என்பதால் உருண்டையின் உச்சியை அதைவிடச் சுமார் 2 அல்லது 3 செ.மீ. உயரமாக வைத்துத் தொடங்குவது வழக்கம். மென்மையான ஸ்பிரிங் உள்ள வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். முடிவில் டிரெய்லர் மட்டமாகவோ, மூக்கு மிகச் சிறிதளவு தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் இரட்டை அச்சு டிரெய்லரில் பின் அச்சின் மேல் சுமை ஏறும், முனைச்சுமையும் குறையும்.

அளவு எடுக்க வேண்டிய இடம் முன் சக்கரத்தின் வீல் ஆர்ச், அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் உடற்பகுதி. தரையிலிருந்து, சக்கரத்தின் நடுப்புள்ளி வழியாக, ஆர்ச்சின் உச்சி விளிம்புவரை. முதலில் டிரெய்லர் இல்லாமல் அளக்க வேண்டும். அடுத்து டிரெய்லரை மாட்டி, பார்களை இணைக்காமல் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைத் தவிர்ப்பவர்கள் மிகுதி. அது இல்லாவிட்டால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது, அப்புறம் எவ்வளவு மீட்டோம் என்று எப்படிச் சொல்வது? முதல் அளவு 950 மில்லிமீட்டர், இரண்டாவது 970 என்றால், முன்புறம் 20 மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது. பாதி மீட்பு வேண்டுமானால் பார்களைப் பூட்டிய பின் 960 வர வேண்டும். ஸ்பிரிங்கின் அசைவு சுமைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருப்பதால் உயரத்தின் பாதி என்பது எடையின் பாதிக்கு நெருங்கிவரும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் வண்டியைச் சில மீட்டர் முன்னே நகர்த்தி நிறுத்துவது நல்லது. பட்டை ஸ்பிரிங்குகள் உராய்வால் சிக்கிக்கொண்டு, இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல் நிற்கும்.

பார்களைப் பூட்டும்போது கப்ளரைப் பூட்டி, அதன் பூட்டு ஊசியைச் செருகி, பாதுகாப்புச் செயின்களையும் மாட்டிய பிறகு, டிரெய்லரின் ஜாக்கைச் சுழற்றி முன்முனையைத் தூக்க வேண்டும். கப்ளர் பூட்டியிருப்பதால் வண்டியின் பின்புறமும் சேர்ந்தே எழும். அந்த உயர்ந்த நிலையில் பார்களில் விசை குறைவு, செயினைப் பிராக்கெட்டில் மாட்டுவது எளிது. மாட்டி முடித்து ஜாக்கை இறக்கியதும் வண்டியின் எடையே பார்களை வளைத்து வேண்டிய இழுவிசையை உண்டாக்கிவிடும். ஜாக்கைத் தொடாமல் நெம்புகோலை வைத்துப் பலம் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு செயினிலும் 144 கிலோ என்று முன்பு கணக்கிட்டோம். கை நழுவினால் அந்த நெம்புகோல் சுழன்று வரும் வட்டத்துக்குள் முகமோ முழங்கையோ இருக்கக் கூடாது. கழற்றும்போதும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

பூட்டிய பின் அளந்த உயரம் இலக்குக்கு வரவில்லை என்றால் மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, செயினில் எந்தக் கண்ணியை மாட்டுகிறோம் என்பது. பிராக்கெட் வகையாக இருந்தால் பிராக்கெட்டை எந்தத் துளையில் போல்ட் செய்கிறோம் என்பது. இன்னொன்று, தலைப்பகுதி எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது. செயினைக் குறுக்கினால் இழுவிசை கூடும். ஆனால் குறுக்கிக்கொண்டே போக முடியாது, ஏனெனில் வண்டி திரும்பும்போது செயின் ஊசலாட இடம் வேண்டும். கண்ணிகளின் எண்ணிக்கை ஐந்துக்குக் குறையக் கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன. அந்த எல்லையைத் தொட்டும் போதவில்லை என்றால் தலைப்பகுதியின் சாய்வைக் கூட்ட வேண்டும். அதற்குள் போடும் வாஷர்களைக் கூட்டினாலோ, பற்கள் உள்ள தகட்டை ஒரு பல் நகர்த்தினாலோ பார்களின் பின்முனை கீழிறங்கும். அதே கண்ணியில் மாட்டினாலும் பார் அதிகம் வளையும். முக்கால் மீட்டர் நீளமுள்ள பாரில் ஒரு பாகைச் சாய்வு முனையில் 13 மில்லிமீட்டர் அசைவைத் தரும் என்பதால், சிறிய மாற்றமும் பெரிய விளைவைத் தரும். எல்லாம் சரியாக அமைந்தபோது பார்கள் டிரெய்லரின் சட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக ஓட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து, எழுதிவைத்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

காற்றுப் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பின்புறம் தாழ்கிறதே என்று ஏர் பேக் பொருத்திக் காற்றடித்து வண்டியை மட்டமாக்குபவர்கள் உண்டு. அது பின்புறத்தைத் தூக்குகிறது, உண்மைதான். ஆனால் முன் அச்சு இழந்த 150 கிலோவில் அதனால் திரும்பி வருவது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தரையில் இருக்கும் தாங்குபுள்ளிகள் மாறவில்லை, சுமையும் மாறவில்லை, உயரம் மட்டும் மாறியிருக்கிறது. பக்கவாட்டில் பார்ப்பவருக்கு வண்டி அழகாக மட்டத்தில் நிற்கும், ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு முன்போலவே இலேசாக இருக்கும். தானாக உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சிக்கல் வேறு விதமானது. நாம் அளந்துகொண்டிருக்கும்போதே அது காற்றை ஏற்றி இறக்கி நம் அளவுகளைக் குழப்பும். பார்களைப் பூட்டும்போது எந்த நிலையில் வைக்க வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் கையேட்டில் தனிமுறை உண்டு. அத்தகைய வண்டியில் வீல் ஆர்ச் அளவை நம்புவதைவிட எடைமேடைக்குப் போவதே நல்லது.

எடைமேடையை நான் மற்ற வண்டிகளுக்கும் பரிந்துரைப்பேன். வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடை தனித்தனித் தட்டுகளாக அமைந்திருப்பதால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கிடைக்கும். ஒற்றைத் தட்டு மேடையிலும் ஒவ்வோர் அச்சாக ஏற்றி நிறுத்தி இதையே செய்யலாம். பார்களைப் பூட்டி ஒரு முறை, தளர்த்தி ஒரு முறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு முறை. நம் உதாரண வண்டி தனியே முன் 1500, பின் 1150 கிலோ என்று வைத்துக்கொண்டால், டிரெய்லரை மாட்டிப் பார்கள் இல்லாமல் 1350, 1660, டிரெய்லர் அச்சுகளில் 2640 என்று வரும். பார்களோடு 1425, 1549, 2676. இரண்டு வரிசைகளின் கூட்டுத்தொகையும் 5650-ஆக ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் தட்டின் விளிம்பில் ஏறி நின்றிருக்கிறது என்று பொருள். மூன்று சீட்டுகளிலிருந்து வேறு பயனும் உண்டு. பார்கள் இல்லாதபோது வண்டியின் இரு அச்சுகளும் சேர்ந்து 3010. தனி வண்டி 2650. வித்தியாசம் 360, அதுதான் முனைச்சுமை. பலகையும் செங்கல்லும் சொன்னதை இது சரிபார்த்துக் கொடுக்கும். டயர் வரம்பு, அச்சு வரம்பு எல்லாவற்றையும் அதே சீட்டுகளை வைத்துச் சோதித்துவிடலாம்.

டிரெய்லரின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு இந்த ஹிட்ச் மருந்து என்று விளம்பரங்கள் சொல்வதை அளவோடு நம்ப வேண்டும். சில ஹிட்ச்சுகளில் உராய்வாலோ கேம் அமைப்பாலோ ஆட்டத்தைத் தணிக்கும் ஏற்பாடு உள்ளது, சிலவற்றில் இல்லவே இல்லை. இருந்தாலும், முனைச்சுமை குறைவாக இருக்கும் டிரெய்லரை, அல்லது கனமான சாமான்களைப் பின்கோடியில் ஏற்றிய டிரெய்லரை எந்த உராய்வுத் தகடும் முழுதாகக் கட்டிப்போடாது. சாமான்களை இடம் மாற்றுவதே அதற்கு வழி. பார்களை மேலும் இறுக்கினால் ஆட்டம் நிற்கும் என்பது தவறான எண்ணம், பின் டயர்களைப் பற்றி மேலே சொன்ன காரணத்தால் அது நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

பராமரிப்பில் நீண்ட கதை இல்லை. உருண்டைக்கும் பார்கள் சுழலும் இடங்களுக்கும் கிரீஸ் வேண்டும். உராய்வால் வேலை செய்யும் பகுதிகளுக்கு, கையேடு சொல்லாதவரை, கிரீஸ் கூடாது. 1¼ அங்குலத் தண்டுள்ள உருண்டையின் நட்டை 450 அடி-பவுண்டு அளவில், அதாவது சுமார் 610 நியூட்டன் மீட்டரில், இறுக்கச் சொல்வது வழக்கம். சாதாரண ஸ்பேனரால் அது ஆகாது, பெரிய டார்க் ரென்ச் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். செங்குத்தான சரிவும் ஏற்றமும் சந்திக்கும் பள்ளத்தைக் கடக்கும்போது வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே கோணம் மடங்கி, பார்களின் மேல் ஏறும் விசை வழக்கத்தைவிடப் பன்மடங்காகலாம். அத்தகைய நுழைவாயிலில் பார்களைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கடந்து, சமதளத்தில் மீண்டும் பூட்டிக்கொள்வது ஏ-ஃபிரேமுக்கு நல்லது. தனியாகப் பொருத்தும் உராய்வுத் தண்டு இருந்தால் பின்னோக்கி ஓட்டுவதற்கு முன் அதைக் கழற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு.

தலைப்பகுதியின் போல்ட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் டார்க் ரென்ச்சால் சோதிக்க வேண்டும், புதிய இணைப்பில் உலோகம் படிந்து அவை தளர்வது இயல்பு. அப்போதே முன் வீல் ஆர்ச்சின் மூன்று உயரங்களையும், மாட்டிய கண்ணியின் எண்ணையும், போட்ட வாஷர்களின் எண்ணிக்கையையும் எழுதி வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். பின்னாளில் டிரெய்லரின் பின்புறத்தில் சைக்கிள் தாங்கி பொருத்தினாலோ, பேட்டரியை மாற்றினாலோ, தொட்டியை நிரப்பிக்கொண்டு போக முடிவு செய்தாலோ, அந்தத் தாளை எடுத்து இரண்டாவது அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.